கணக்கு முடித்துக் கையெழுத்தான பிறகும் பணம் வரவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி முதல் மண்டபம் வரையிலும், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடிப் பக்கமும் உள்ள மீன் கம்பெனிகள், ஐஸ் ஆலைகள், உப்பளங்கள், இறால் பண்ணைகள், இராமேஸ்வரத்து விடுதிகள் ஆகியவற்றில் வேலைபார்த்து, கணக்கு முடித்து அனுப்பப்பட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். ஒப்பந்தம் போட்ட கையோடு முதலாளி கைவிரித்துவிட்டார் என்று வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்து, தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன். தொகை பெரிதாக இருந்தாலும், எதிர்த் தரப்பு ஒப்பந்தத்தையே மறுத்தாலும் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

"இவ்வளவு தர்றோம்னு எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். இப்போ தரமாட்டேங்கிறாங்க. அந்தப் பேப்பருக்கு மதிப்பு இருக்கா?"

இருக்கிறது. நீங்கள் வேலையை விட்டுக் கொடுப்பதற்கு ஈடாக அவர்கள் ஒரு தொகையைத் தருவதாக ஏற்று, இரு தரப்பும் மனமொத்துக் கையெழுத்திட்ட தாள் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன்படி இருவரையும் கட்டுப்படுத்தும். "பேச்சுக்காகத்தான் எழுதினோம்" என்று பிறகு சொல்லித் தப்பிக்க முடியாது.

இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பதில்களுக்கும் அடிப்படையான ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, உங்களை ஏன் நிறுத்தினார்கள், நிறுத்தியது நியாயமா என்ற பழைய வழக்கை நீங்கள் மறுபடி நடத்த வேண்டியதில்லை. ஒப்பந்தம் உண்டு, அதன்படி என் பங்கை முடித்துவிட்டேன், தேதி கடந்தும் தொகை வரவில்லை என்ற மூன்றை மட்டும் காட்டினால் போதும். மேலாளர் திட்டியது, இரவுப் பணிக்குக் கூலி குறைத்தது எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதி வருகிறவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அவற்றை மனுவில் சேர்த்தால், தெளிவான ஒரு கடன் வழக்கு பத்து விஷயங்களுக்குச் சாட்சி தேவைப்படும் வழக்காக மாறிவிடும். எதிர்த் தரப்பு விரும்புவதும் அதைத்தான்.

"நான் சூப்பர்வைசர். என்னையும் தொழிலாளின்னு எடுத்துக்குவாங்களா?"

பதவிப் பெயரை வைத்து யாரும் முடிவுசெய்வதில்லை. நீங்கள் உண்மையில் செய்த வேலையைத்தான் பார்ப்பார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுகள் சட்டத்தொகுப்பு, 2020-இன்படி நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரும் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். சூப்பர்வைசர் என்று அட்டையில் போட்டிருந்தாலும், இறால் தரம்பிரிக்கும் மேசையில் மற்றவர்களோடு நின்று கைவேலை செய்தவர் தொழிலாளியாகவே கருதப்பட வாய்ப்புண்டு.

தொழிலாளி என்றால் தொழிலாளர் துறை வழி, உரிமையியல் நீதிமன்ற வழி இரண்டையும் நாடலாம். மற்றவர்களுக்கு உரிமையியல் நீதிமன்றமே பிரதான வழி.

"லேபர் ஆபீசர் முன்னாடி கையெழுத்துப் போட்டதும், கம்பெனி ஆபீஸ்ல போட்டதும் ஒண்ணுதானே?"

ஒன்றல்ல, வசூலிக்கும்போது இந்த வேறுபாடுதான் பெரிதாக நிற்கும். தகராறைப் பேசித் தீர்த்துவைக்கும் தொழிலாளர் துறை அலுவலரான சமரச அதிகாரி முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் ஏற்பட்ட தீர்வு ஐயத்துக்கு இடமில்லாத தீர்வு. அப்படிப் போடப்பட்ட தாளை, வற்புறுத்தி வாங்கினார்கள் என்றோ பொய்க் கையெழுத்து என்றோ யாரும் எளிதில் சொல்ல முடியாது.

தனியாக அலுவலகத்தில் அமர்ந்து போட்டதும் சட்டப்படி தீர்வாகலாம். ஆனால் அதற்கு, விதிகளில் சொன்ன முறையில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அதன் நகல் அரசு அதிகாரம் அளித்த அலுவலருக்கும் சமரச அதிகாரிக்கும் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த நகல் அனுப்பும் வேலைதான். நகல் போகாவிட்டால் ஒப்பந்தம் செல்லாமல் போய்விடாது. ஆனால் தொழிலாளர் துறை வழியாக நேரடி வசூல் கேட்கும்போது, "இது சட்டம் சொல்லும் தீர்வு அல்ல" என்று ஆட்சேபிக்க எதிர்த் தரப்புக்கு வழி கிடைக்கும். இன்னும் கையெழுத்திடாதவர்கள், தொழிலாளர் துறை அலுவலகத்திலேயே போடலாம் என்று முதலாளியிடம் கேளுங்கள். மறுத்தால் நகலை நீங்களே அனுப்பி, அனுப்பியதற்கான ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

"எவ்வளவு நாளைக்குள்ள கேக்கணும், அண்ணே? பொறுத்துப் பாத்துட்டுக் கேக்கலாமா?"

பொறுத்துப் பார்த்ததாலேயே உரிமையை இழந்தவர்கள் உண்டு. தீர்வின்படி வரவேண்டிய தொகையை அரசு வழியாக வசூலிக்கக் கோரும் மனுவை, பணம் தரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் பிறகும் ஏற்கலாம் என்று சட்டம் சொன்னாலும், அதை நம்பி இருக்கக் கூடாது. ஒப்பந்தத்தை மீறியதற்கான உரிமையியல் வழக்குக்குக் காலவரையறைச் சட்டம், 1963-இன்படி மூன்றாண்டு.

மூன்றாண்டு முடிவதற்குள், "இவ்வளவு பாக்கி உள்ளது, தருகிறோம்" என்று அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்றாண்டு ஓடத் தொடங்கும். வாய்ப்பேச்சுக்கு அந்தப் பலன் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த "போட்டுவிடுறேன்" நல்ல சான்றுதான். அதை நீதிமன்றத்தில் வைக்க மின்னணு ஆவணச் சான்றிதழ் ஒன்றும் இணைக்க வேண்டும். ஆனால் காலக்கெடுவை நீட்டிக்க அந்த ஒரு வரியை மட்டும் நம்பாமல், கையெழுத்திட்ட கடிதமாகக் கேட்டு வாங்குங்கள்.

"திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்தா போதாதா?"

போதாது. குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனு பெரும்பாலும் தொழிலாளர் துறைக்கே அனுப்பி வைக்கப்படும். அங்கும் இங்குமாகச் சில வாரங்கள் போகும். காலக்கெடு அதற்காக நிற்காது. நேரே தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்வதே மேல்.

மாவட்ட ஆட்சியருக்கு இதில் உண்மையான பங்கு கடைசியில் வருகிறது. தொகை வரவேண்டியது உண்மை என்று அரசு திருப்தியடைந்தால், அதற்கான சான்றிதழை ஆட்சியருக்கு அனுப்பும். அவர் அதை நிலவரி பாக்கியைப் போல வசூலிப்பார். பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் 33சி என்ற பிரிவு சொன்ன இந்த வழியைப் புதிய தொகுப்பில் 59-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் ஒப்பந்தம் புதிய தொகுப்புக்கு முந்தையது என்றால், எந்தப் பிரிவைக் குறிப்பிடுவது என்று அலுவலகத்திலேயே கேட்டு எழுதுங்கள். ஒப்பந்தத்தில் தொகை எண்ணாக இல்லாமல், "சட்டப்படி உள்ள பலன்கள் அனைத்தும்" என்று மட்டும் இருந்தால், முதலில் தொகையைக் கணக்கிட்டுத் தீர்மானிக்கத் தொழிலாளர் நீதிமன்றமோ தீர்ப்பாயமோ தேவைப்படும். அதனால்தான் தாளில் ரூபாய்க் கணக்கு எழுதப்பட வேண்டும் என்று வருகிறவர்களிடம் எல்லாம் வற்புறுத்துகிறேன்.

"மனுவுக்கு முன்னாடி நோட்டீஸ் அனுப்பணுமா? அதுல என்ன எழுதுறது?"

எல்லா வழிக்கும் கட்டாயமில்லை என்றாலும் அனுப்புவது நல்லது. ஒப்பந்தத்தின் தேதி, அதில் உள்ள தொகை, தரவேண்டிய நாள், இதுவரை வந்தது, பாக்கி, எத்தனை நாட்களுக்குள் எந்த வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்பவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். சாவி, அடையாள அட்டை, சீருடை போன்றவற்றைத் திருப்பித் தரும் பொறுப்பு உங்களுக்கு இருந்தால், அவற்றை எந்த நாளில் யாரிடம் கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பணத்தை நிறுத்த அவர்கள் முதலில் தேடும் சாக்கு அதுதான்.

வட்டியையும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் வட்டி பற்றி ஒன்றும் இல்லாவிட்டாலும், எழுத்து ஆவணத்தின்படி குறித்த நாளில் தரவேண்டிய கடனுக்கு வட்டிச் சட்டம், 1978-இன்கீழ் நீதிமன்றம் வட்டி வழங்கலாம். ஒப்புதல் அட்டையுடன் கூடிய விரைவுத் தபாலில் அனுப்பி, மின்னஞ்சல் முகவரி தெரிந்தால் அதற்கும் அனுப்பிவிடுங்கள்.

"ரெண்டு தவணை தந்தாங்க. அப்புறம் 'தடைக்காலம், தொழில் இல்ல'ன்னு நிறுத்திட்டாங்க. அது சரியா?"

சரியல்ல. நம் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை என்பது மீன் தொழில் செய்யும் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆண்டுதோறும் வருவதை முன்கூட்டியே அறிந்தும் மே மாதத்தில் தவணை தருவதாகக் கையெழுத்திட்டவர், எதிர்பாராத இடையூறு என்று அதைச் சொல்ல முடியாது. தடைக்காலத்தில் தவணை கிடையாது என்று தாளிலேயே எழுதியிருந்தால்தான் அந்தப் பேச்சுக்கு இடம்.

தவணை ஒப்பந்தங்களில் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு வரி, "நிறுவனத்தின் நிதிநிலையைப் பொறுத்து மூன்று தவணைகளில் வழங்கப்படும்" என்பது. நிதிநிலையைப் பொறுத்து என்ற இரண்டு சொற்களும் தேதியையே இல்லாமலாக்கிவிடுகின்றன. கையெழுத்திடும் முன் அவற்றை அடித்துவிட்டு நாள் குறித்து எழுதச் சொல்லுங்கள். ஒரு தவணை தவறினால் மீதித் தொகை முழுவதும் உடனே தரவேண்டும் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால், நாள் கடந்த தவணைகளை மட்டுமே இப்போது கேட்க முடியும். முன்பு சொன்ன காலக்கெடுவும் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியே ஓடும்.

"செக் கொடுத்தாங்க, திரும்பிடுச்சு."

அப்படியானால் உங்கள் கையில் இன்னொரு வழியும் இருக்கிறது; ஆனால் அதன் நாள் கணக்கு மிகவும் இறுக்கமானது. காசோலையில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட்டிருக்க வேண்டும். திரும்பியதும் வங்கி தரும் சிறு குறிப்புச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஏன் திரும்பியது என்பதும் தேதியும் அதில் இருக்கும். தகவல் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது அவர்களுக்குக் கிடைத்து 15 நாட்களுக்குள் பணம் தராவிட்டால், அதற்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்கீழ் வரும் இந்தப் புகாரை, உங்கள் கணக்கு உள்ள வங்கிக் கிளை எந்த நீதிமன்ற எல்லையில் வருகிறதோ அங்கேயே தரலாம். இராமநாதபுரத்தில் கணக்கு வைத்திருப்பவர், கம்பெனி தூத்துக்குடியில் இருக்கிறது என்பதற்காக அங்கே அலைய வேண்டியதில்லை. இந்தப் புகார் நடந்தாலும் உரிமையியல் வழக்கோ தொழிலாளர் துறை மனுவோ தடைபடாது.

"பணிக்கொடையும் இதுக்குள்ள அடக்கம்னு எழுதிட்டாங்க. இனிமே தனியா கேக்க முடியாதா?"

சட்டப்படி சேரவேண்டிய பணிக்கொடையைவிட (கிராஜுவிட்டி)க் குறைத்து ஒப்பந்தம் போட முடியாது. "எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தாலும் குறைந்த பகுதியைக் கேட்கலாம். கணக்கு எளிது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,600 ரூபாய் என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கு 9,000. பன்னிரண்டு ஆண்டு வேலை என்றால் 1,08,000 ரூபாய். எல்லாம் சேர்த்து 90,000 என்று ஒப்பந்தம் போட்டிருந்தால், பணிக்கொடையே முழுதாக வரவில்லை என்று பொருள். பணிக்கொடைக்கென உள்ள அதிகாரி தொழிலாளர் துறையிலேயே இருக்கிறார். அதை இந்த ஒப்பந்த மனுவோடு கலக்காமல் தனி மனுவாகக் கொடுங்கள்.

வருங்கால வைப்பு நிதி உங்கள் கணக்கில் உள்ள உங்கள் பணம். அதை ஒப்பந்தத் தொகையில் ஒரு பகுதியாகக் காட்டுவதை ஏற்காதீர்கள்.

"சொன்னதைவிடக் கம்மியா வந்திருக்கு. கேட்டா வரின்னு சொல்றாங்க."

பிடித்த வரிக்குச் சான்றிதழ் கேளுங்கள். உங்கள் நிரந்தரக் கணக்கு எண்ணில் (பான்) அது வரவு வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆட்குறைப்பு இழப்பீட்டில் நிபந்தனைகளுக்கு உட்பட்டு 5 லட்சம் ரூபாய் வரை வருமான வரி விலக்கு உண்டு என்பதால், சிறு தொகையில் வரி பிடித்தோம் என்பதை அப்படியே நம்ப வேண்டாம்.

"என்னை மிரட்டித்தான் கையெழுத்து வாங்கினாங்க. ஆனா அந்தப் பணமாவது வரணும்."

இங்கே நீங்கள் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். மிரட்டலாலோ ஏமாற்றாலோ பெறப்பட்ட சம்மதம் உள்ள ஒப்பந்தத்தை, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ரத்துசெய்யக் கேட்கலாம். விரும்பினால் அப்படியே ஏற்று நிறைவேற்றவும் கேட்கலாம். ஒரே மனுவில் இரண்டையும் கேட்டால் இரண்டும் பலவீனப்படும். ரத்து கேட்பவர் வாங்கிய தொகைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். வேலை நீக்கத் தகராறு முழுவதையும் சாட்சியோடு நடத்தவும் வேண்டியிருக்கும். தொகை நியாயமாக இருந்தால் ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிப் பிறகு நிரப்பியிருந்தால் மட்டும், தாமதிக்காமல் மறுப்புக் கடிதம் அனுப்பிவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள்.

"வேற மீன் கம்பெனியில சேரக்கூடாதுன்னு அதுல எழுதியிருக்கு. நான் சேர்ந்துட்டேன். அதுக்காகப் பணத்தை நிறுத்தலாமா?"

வேலையை விட்ட பிறகு ஒருவர் தன் தொழிலைச் செய்யக் கூடாது என்று தடுக்கும் உடன்பாடு, ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி அந்த அளவில் செல்லாது. இறால் உரிக்கவும் ஐஸ் உடைக்கவும் தெரிந்த ஒருவர் அதே கரையில் வேறெங்கே போய்ப் பிழைப்பார்? அந்த ஒரு வரி செல்லாமல் போனாலும், பிரித்துப் பார்க்கக்கூடிய மற்றப் பகுதிகள் நிற்கும். பணம் தரும் கடமையும் நிற்கும். வாடிக்கையாளர் பட்டியலையோ விலை விவரத்தையோ எடுத்துப்போய்க் கொடுத்தீர்கள் என்றால் அது வேறு விஷயம்.

"சென்னைக் கோர்ட்லதான் வழக்குப் போடணும்னு இருக்கு."

ஒப்பந்தம் சென்னையிலும் இங்கும் சம்பந்தப்பட்டது என்றால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அந்த வரியை உரிமையியல் நீதிமன்றங்கள் பொதுவாக மதிக்கும். சென்னைக்குச் சிறிதும் தொடர்பே இல்லையென்றால், ஒரு வரியால் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் வந்துவிடாது. நீங்கள் தொழிலாளி என்றால், தொழிலாளர் சட்டம் தரும் வழியை இப்படி ஒரு வரியால் அடைக்கவும் முடியாது. நீங்கள் வேலைபார்த்த இடத்துத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கே போகலாம்.

"அசல் கம்பெனிகிட்ட இருக்கு, என்கிட்ட செல்போன்ல எடுத்த போட்டோதான். முத்திரைத்தாள்லயும் எழுதல."

முத்திரைத்தாளில் எழுதாததால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. ஆனால் முத்திரைத் தீர்வை செலுத்தாத ஆவணத்தை உரிமையியல் நீதிமன்றம் சான்றாக ஏற்காது. விட்டுப்போன தீர்வையையும் அபராதத்தையும் கட்டினால் ஏற்கும். அப்படிக் கட்டிச் சரிசெய்வது அசலுக்குத்தான் முடியும், நகலுக்கு முடியாது. ஆகவே அசலை நீதிமன்றத்தில் கொண்டுவரும்படி எதிர்த் தரப்புக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

அதோடு, ஒப்பந்தம் உண்டு என்பதைக் காட்டும் மற்றவற்றையும் திரட்டுங்கள். முதல் தவணை வந்த வங்கிப் பதிவு, கணக்குப் பிரிவிலிருந்து வந்த மின்னஞ்சல், உங்கள் நோட்டீசுக்கு "அடுத்த மாதம் தருகிறோம்" என்று வந்த பதில் எல்லாமே வலுவானவை. அந்தப் படத்தை உடனே வேறு இரண்டு இடங்களில் சேமித்துவையுங்கள்.

"கம்பெனியையே மூடிட்டாங்க. இப்போ யார்கிட்ட கேக்குறது?"

கம்பெனி என்று நாம் பழக்கத்தில் சொன்னாலும், இங்குள்ள ஐஸ் ஆலைகளும் மீன் கொள்முதல் நிலையங்களும் பல தனிநபர் தொழில்களாகவோ கூட்டுத் தொழில்களாகவோ இருக்கின்றன. தனிநபர் தொழில் என்றால் பலகையை இறக்கினாலும் அந்த நபரே கடன்காரர். அவருடைய சொந்தச் சொத்தும் பொறுப்பு. கூட்டுத் தொழில் என்றால் அப்போதிருந்த கூட்டாளிகள் ஒவ்வொருவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். உங்கள் சம்பளம் எந்தப் பெயரில் உள்ள கணக்கிலிருந்து வந்தது என்று பாஸ்புக்கைப் பாருங்கள்.

பதிவுபெற்ற நிறுவனம் நொடிப்பு (திவால்) நடவடிக்கைக்குள் போய்விட்டால், தனி வழக்குகள் நிறுத்தி வைக்கப்படும். அப்போது அந்த நடவடிக்கையை நடத்தும் தீர்வு அலுவலரிடம் உரிய படிவத்தில், கெடு முடிவதற்குள் கோரிக்கை பதிய வேண்டும். கலைப்பு என்ற கட்டம் வந்தால், தொழிலாளர்களின் 24 மாத நிலுவை அடமானக் கடன் கொடுத்தவர்களோடு சம வரிசையில் வரும். மற்ற ஊழியர்களின் 12 மாத நிலுவை அடுத்த வரிசையில் வரும்.

"நான் துபாய்ல கையெழுத்துப் போட்டு, கீழக்கரைக்கு வந்துட்டேன். இங்க இருந்து கேக்கலாமா?"

அந்த ஒப்பந்தத்துக்கு அமீரகச் சட்டமே பொருந்தும். நம் தொழிலாளர் துறை அதை வசூலிக்க முடியாது. அங்குள்ள சட்டப்படி வேலை முடிந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் நிலுவை முழுவதும் தரப்பட வேண்டும். தராவிட்டால் மனிதவள அமைச்சகத்தில் புகார் செய்யலாம். 50,000 திர்ஹம் வரையான கோரிக்கையில் அமைச்சகமே முடிவு சொல்லும். சர்வதேச நிதி மையம் போன்ற சில பகுதிகளுக்குத் தனிச் சட்டம் உண்டு.

நேரில் போக முடியாதவர்கள் அங்குள்ள நம்பிக்கையானவருக்குப் பவர் பத்திரம் எழுதி, நம் வெளியுறவுத் துறையிலும் அமீரகத் தூதரகத்திலும் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டும். பணம் கணக்கில் ஏறுவதற்கு முன்பே "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டு விமானம் ஏறாதீர்கள் என்று, போகிற பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி அனுப்புங்கள்.

"வக்கீலுக்குக் கொடுக்க என்கிட்ட காசு இல்லையே, ஐயா?"

இராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உதவி பெறத் தகுதியுள்ளவர்கள். அங்கேயே மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கவும் கேட்கலாம். அங்கு இரு தரப்பும் ஒப்பும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. முதலாளி பேச்சுக்கு வர ஆயத்தமாக இருக்கும் வழக்குகளுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

"கோர்ட்ல ஜெயிச்சாலும் பணம் கைக்கு வருமா?"

தீர்ப்பாணை தானாகப் பணமாகாது. அதை வைத்து நிறைவேற்று மனு போட வேண்டும். அதற்குப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்றாலும், சொத்துக் கைமாறுவதற்குள் போடுவதே புத்தி. வங்கிக் கணக்கு, வண்டி, இயந்திரம், நிலம் ஆகியவற்றை ஜப்தி செய்யக் கேட்கலாம். ஆனால் எதை ஜப்தி செய்வது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். உங்களுக்குச் சம்பளம் வந்த வங்கிக் கிளையின் பெயரையும் கணக்கு எண்ணையும் குறித்துவையுங்கள். ஆலை நிற்கும் நிலத்தின் சர்வே எண் தெரிந்தால், பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, அது யார் பெயரில் உள்ளது, அதன்மேல் என்ன கடன் பதிவாகியுள்ளது என்பதை மனுப் போடும் முன்பே பார்த்துவிடலாம்.